பெரிய கண் சல்லடை

"மீன் டாக்டர்" என்ற பேர் முதல்முதலாக என் காதில் விழுந்தது ஆஸ்பத்திரியில், எலும்பு முறிவு வார்டில். என் தம்பி, தையல்காரன், ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஒரு பட்டாளம். நான் தலைச்சன், அவன் நடுவில், கடைக்குட்டி என் தங்கை. நான் கல்யாணமாகிப் போகும்போது அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுத குழந்தை. அதனால் அவள் பெற்ற பெண் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டாலும், எனக்கு அவள் மேல் ஒரு பாட்டித்தனமான பாசம் உண்டு.

அன்றைக்குத் தங்கை அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தாள். கதவண்டை பார்த்ததுமே தம்பி ஆரம்பித்துவிட்டான்.

"வாங்க மீன் டாக்டர். இங்க இருக்கற டாக்டருங்களுக்கு என் கால் பிடிபடல. செவுள் கிவுள் எங்கயாவது இருக்கான்னு நீங்க பாருங்க."

"மாமா, நான் படிக்கறது டாக்டருக்கு இல்ல. கடலியல்."

"அதான். மீனுக்கு ஜுரம் வந்தா ஊசி போடறது."

"மீனே கம்மிதான் மாமா. தண்ணி, உப்பு, அடிமண்ணு, அதுல இருக்கற புழு."

"புழுவுக்கா உங்கம்மா இவ்வளவு பீஸ் கட்டறா?"

பக்கத்துக் கட்டிலில் கை ஒடிந்து கிடந்தவர்கூடச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து சொந்தக்காரர் வீடுகளில் அவளுக்கு அதுதான் பேர். தொட்டியில் மீன் செத்துப்போனால்கூட போன் போட்டு, "மீன் டாக்டரைக் கூப்பிடு, உயில் எழுதணும்" என்பார்கள்.

கேலி செய்தவனும் அவன்தான், அவளை அந்தப் படிப்பில் தள்ளியவனும் அவன்தான். மார்க் பத்தாமல் மருத்துவப் படிப்பு கைநழுவிப் போன வருஷம், கடலியலில் இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் தங்கை, "அதைப் படிச்சா வேலை உண்டாடா?" என்று அவனைத்தான் கேட்டாள். அவன் மிஷினை மிதித்துக்கொண்டே, "கடல் எங்க ஓடிப்போகப் போகுது? அது இருக்கற வரைக்கும் அதைப் படிச்சவனுக்கு வேலை இருக்கும்" என்றான். ஊசியில் நூல் கோக்கிற நேரத்தில் சொன்ன வார்த்தை. தங்கைக்கு அது வேதவாக்காகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர், பேசினால் வாடகை கேட்பார்களோ என்கிற மாதிரி மனுஷர். தலையை ஆட்டினார், முடிந்தது.

படித்து முடித்த பிறகுதான் கடல் ஓடிப்போகாவிட்டாலும் வேலை ஓடிப்போகும் என்று தெரிந்தது. கூடப் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தங்கை எனக்கு ஒவ்வொருவராகப் போனில் சொல்லுவாள். ஒருத்தன் இறால் பண்ணைக்குப் போய், குட்டைத் தண்ணீருக்குக் காற்று அடிக்கிற சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டு கொசுவலைக்குள் குடியிருந்தான். ஒருத்தி மீன் தீனி விற்கிற கம்பெனியில் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். ஒருத்தன் பேங்க் பரீட்சை எழுதி கவுண்டரில் உட்கார்ந்துவிட்டான். ஒரே ஒரு கெட்டிக்காரன் வெளிநாடு போனான். அவன் அப்பாவுக்கு அங்கே அக்கா இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் பெண் இதில் ஒன்றுக்கும் போகவில்லை. அவளுக்கு அடிமண் புழு பைத்தியம். கடலடியில் சேற்றுக்குள் மயிர் மயிராய்க் கால் வைத்த புழுக்கள் இருக்குமாம். மைக்ராஸ்கோப்பில் வைத்து, அந்த மயிர் நேராக இருக்கிறதா, நுனி பிளந்திருக்கிறதா என்று பார்த்து இது இன்ன புழு என்று சொல்ல வேண்டும். "அதைச் சொல்லி என்னடி ஆகப்போகுது?" என்று நான் கேட்டேன். "அந்த மண்ணு உசிரோட இருக்கா செத்துப்போச்சான்னு அதுங்களை வச்சுத்தான் பெரியம்மா சொல்ல முடியும். மீன் நீந்திப் போயிடும். புழு எங்க போகும், அங்கயேதான் கிடக்கணும்" என்றாள்.

இந்தப் பைத்தியத்தைப் பார்த்துத்தான் அவளுடைய சார் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டார். கடற்கரையோரம் ஒரு ஆய்வு நிலையம், அதில் இவர் பெரிய தலை. ஒரு தடவை தங்கை வீட்டுக்கே வந்தார். நானும் இருந்தேன். வெளுத்த தலை, தணிந்த குரல், செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்த மனுஷர். டீயைக் குடித்துவிட்டு, "உங்க பொண்ணு எனக்கும் பொண்ணு மாதிரிதாம்மா. இந்த மாதிரி கண்ணு ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் அமையும். வேற எங்கயும் அனுப்பாதீங்க. நிலையத்துல நிரந்தர இடம் ஒண்ணு வரப்போகுது. அது இவளுக்குத்தான்" என்றார். அவர் குடித்த கப்பைத் தங்கை மற்ற கப்புகளோடு சேர்க்காமல் பொக்கிஷம் மாதிரி மேல் அலமாரியில் எடுத்து வைத்தாள்.

அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டுதான் அவள் வருஷக்கணக்காக அங்கே ஒப்பந்த வேலை பார்த்தாள். திட்டம் முடிந்தால் வேலை முடிந்தது, அடுத்த திட்டம் வந்தால் அடுத்த வேலை. நடுவில் சம்பளமில்லாத மாதங்களிலும் போய் உட்கார்ந்து புழு பொறுக்கினாள். கையில் புழு கெடாமலிருக்க ஊற்றுகிற பார்மலின் நாற்றம், அந்த நெடியில் கண்ணில் எந்நேரமும் ஈரம். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டாரிடம், "நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இவளே சொல்லி அனுப்பிவிட்டாள். இடையில் ஒரு தனியார் கம்பெனி நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டது. சாரிடம் கேட்டாள். "போகணும்னா போ. உன் இடத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார். இவள் போகவில்லை.

கூட வேலை பார்த்தவள் ஒருத்தி உண்டு. கண்ணாடி தடிமனாக இருக்கும், எல்லாரும் சோடாபுட்டி என்பார்கள், அவளும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். விடுதிச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தங்கை தினமும் இரண்டு டப்பா கட்டிக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டில்தான் தலைக்குக் குளிப்பாள். "எனக்கு ரெண்டு பொண்ணு" என்று தங்கை சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

இப்போது படகு விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் நேரில் பார்க்கவில்லை, பின்னால் அவள் சொல்லி அறிந்ததுதான்.

பக்கத்தில் இருந்த துறைமுகத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் கடலடியில் என்ன உயிர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையைத் துறைமுகக் கம்பெனி சாரிடம் கொடுத்தது. படகில் சார், இவள், சோடாபுட்டி, கம்பெனி அனுப்பிய படகோட்டி. இரண்டு தாடை வைத்த இரும்புப் பெட்டியைக் கயிற்றில் இறக்கினால் அது அடியில் போய் ஒரு வாய் மண்ணைக் கவ்விக்கொண்டு வரும். அதைத் தொட்டியில் கொட்டி, கடல் தண்ணீர் விட்டுச் சல்லடையில் கழுவ வேண்டும். சல்லடை இரண்டு: மேலே பெரிய கண், கீழே சின்னக் கண். பெரியதில் சிப்பியும் பெரிய புழுவும் நிற்கும். குஞ்சும் குளுவானும் அதில் நிற்காது. சின்னக் கண் சல்லடைதான் அதையெல்லாம் பிடிக்கும். சேற்றுத் தரையில் பெரும்பாலும் இருப்பதே அந்தப் பொடிகள்தானாம். சலித்து நின்றதை ஜாடியில் போட்டு, மருந்தும் ஒரு சிவப்புச் சாயமும் ஊற்றி வைத்தால், உயிரோடு இருந்ததெல்லாம் ரோஸ் நிறமாகிவிடும், பொறுக்கச் சுலபம்.

முதல் சில இடங்களில் இவள் வழக்கப்படி இரண்டு சல்லடையும் வைத்துத்தான் சலித்தாள். பிறகு சார் கீழ்ச் சல்லடையை எடுத்துப் படகின் ஓரத்தில் வைத்துவிட்டார்.

"இது சேத்துல அடைச்சுக்குது. ஒரு இடத்துக்கு இவ்வளவு நேரம்னா வேலை முடியாது. பெரிசு மட்டும் போதும்."

"சார், அப்ப பொடியெல்லாம் போயிடுமே."

"இது முதல் பார்வைதான். அப்புறம் விரிவா எடுப்போம்."

"அறிக்கையில பெரிய கண்ணுன்னு போட்டுடலாமா சார்?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நான்தானே சொல்றேன், பொறுப்பு என்னோடது."

சோடாபுட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்தது.

அறிக்கையில் சல்லடையைப் பற்றி ஒரு வரி இல்லை, முதல் இடங்களில் கீழ்ச் சல்லடையில் நின்றதும் கணக்கில் இல்லை. உயிர்கள் மிகக் குறைவு, தோண்டினால் பெரிய நஷ்டமில்லை என்று இருந்தது. இவள் போய்க் கேட்டாள். அதே வாரம்தான் நிரந்தர இடத்துக்கு விளம்பரம் வந்திருந்தது. "முதல்ல நீ உள்ள வா. உள்ள வந்தப்புறம் எதை வேணா சரி பண்ணலாம்" என்றார். இவள் நம்பினாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை, முதல் இடங்களில் கீழ்ச் சல்லடையில் நின்றதைப் போட்டு வைத்திருந்த ஜாடிகளைப் பின்னறை அலமாரியில் தள்ளி வைத்தாள். உள்ளே ரோஸ் ரோஸாய்ப் புழு நெளிநெளியாகக் கிடக்கிறது என்று சோடாபுட்டிக்கும் காட்டினாள். விரிவாக எடுக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவள் கணக்கு.

அடுத்து ஊர்க்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கிற கூட்டம். மேடையில் சாரோடு எங்கள் பெண்ணும் உட்காருவாள் என்று தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, நீயும் வா, அவ மைக்ல பேசினாலும் பேசுவா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேல் கடகடவென்று காற்றாடி. நாங்கள் கடைசி வரிசை. பார்த்தால் மேடையில் சார் மட்டும்தான். இவளும் சோடாபுட்டியும் கீழே முதல் வரிசையில். "முதல் வரிசையும் கௌரவம்தான்" என்றாள் தங்கை.

சார் படம் போட்டுக் காட்டிப் பேசினார். மீன்பிடிக்கிறவர்கள் சிலர் சத்தம் போட்டார்கள். அப்புறம் வேறொரு கல்லூரியிலிருந்து வந்த ஒரு டீச்சர் எழுந்தார். "இதே இடத்துல நாங்களும் மண்ணு எடுத்தோம். எங்களுக்கு எக்கச்சக்கமா வந்துச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி ஒண்ணுமே இல்லாமப் போச்சு?" என்று கேட்டார். ஹால் அடங்கிவிட்டது.

சார் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அதே தணிந்த குரல்.

"நியாயமான கேள்வி. எங்க பக்கத்துல ஒரு சின்னத் தவறு நடந்திருக்கு. மாதிரி எடுத்தது ஒப்பந்தத்துல இருக்கற ஒரு பொண்ணு. அனுபவம் கம்மி. பெரிய கண் சல்லடையை வச்சுச் சலிச்சுட்டாங்க. படகுக்கு நான் போக முடியல, போயிருந்தா தடுத்திருப்பேன். இங்கதான் இருக்காங்க, கோவிச்சுக்காதீங்க, சின்னப் பொண்ணு."

கையை நீட்டிக் காட்டினார். ஹாலில் சிலர் சிரித்தார்கள். எட்டி எட்டிப் பார்த்தார்கள். எங்கள் பெண் எழுந்து நின்றாள். "சார், நீங்க படகுல" என்றது மட்டும் எனக்குக் கேட்டது. மைக் மேடையில் இருந்தது. பக்கத்தில் இருந்தவளைத் தோளைத் தொட்டு எழுப்பப் பார்த்தாள். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்தாள், துடைத்தாள், கூட்டம் முடிகிறவரைக்கும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என் தங்கை என் பக்கம் சாய்ந்து ரகசியமாக, "இவ எதுக்குக்கா அந்தச் சல்லடையை எடுத்தா?" என்றாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பெற்றவள் முகத்தில் வெட்கம்தான் இருந்தது, கோபம் இல்லை.

கூட்டத்திலிருந்து நேராக எங்கள் பெண் நிலையத்துக்குப் போனாள், ஜாடிகளை எடுத்துக்கொண்டு அந்தக் கல்லூரி டீச்சரிடம் காட்டிவிட வேண்டும் என்று. நானும் ஆட்டோவில் கூடப் போனேன். பின்னறை அலமாரி காலி. ஜாடிகளைக் கழுவித் தொட்டி ஓரத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் சோடாபுட்டி வந்து சேர்ந்தாள்.

"யாருடி கழுவினது?"

"அலமாரி வேணும்னு சார் சொன்னார்."

"யாரு கழுவினது?"

"நேத்தே சொன்னார். நான் என்ன பண்ணட்டும்? எங்கப்பாவுக்கு உடம்பு முடியல, உனக்குத் தெரியும்."

"படகுல அவர் இருந்தார்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

"நீ வேற எங்க போனாலும் பொழைச்சுப்ப. உனக்குக் கண்ணு இருக்கு. எனக்கு இதை விட்டா ஒண்ணும் இல்ல."

நான் ஒரு வார்த்தை சொன்னேன். "எங்க வீட்டுல தின்ன சோறாவது செரிச்சுதாம்மா?" தண்ணீர்க் குழாய் சரியாக மூடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது, அவள் அதைப் போய் இறுக்கினாள்.

மறுநாள் நானும் எங்கள் பெண்ணும் சார் வீட்டுக்குப் போனோம். தங்கை வரமாட்டேன் என்றுவிட்டாள். "பெரிய மனுஷன் வீட்டு வாசல்ல போய் நின்னு சண்டையா? இடம் கிடைக்கறதும் கிடைக்காமப் போயிடும்." சாரின் சம்சாரம் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். சார் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"கோவம் இருக்கும்மா உனக்கு. இருக்கட்டும்."

"ஒண்ணே ஒண்ணு சார். படகுல நீங்க இருந்தீங்களா இல்லையா?"

"இருந்தேன்."

"கீழ்ச் சல்லடையை எடுத்தது யாரு?"

"நான்தான். உன்கிட்ட இல்லைன்னு சொல்லுவேனா?"

"அங்க சொன்னீங்களே."

"அங்க வேற வழியில்ல. நான் சொன்னேன்னா நிலையம் பேரு போச்சு, அடுத்த திட்டம் எதுவும் வராது, எத்தனை பேருக்கு வேலை போகும். உன் மேல போட்டா, சின்ன வயசு, மறந்துடுவாங்க."

"அப்ப அந்த இடம்?"

அவர் சம்சாரத்தைப் பார்த்தார். அந்தம்மா எழுந்து உள்ளே போனாள்.

"இவ்வளவு ஆனப்புறம் உன்னை எப்படி எடுக்க முடியும், நீயே சொல்லு. சல்லடை தெரியாதவளைப் போட்டேன்னு நாளைக்குக் கேப்பாங்க."

எனக்குச் சல்லடையும் தெரியாது, சாத்திரமும் தெரியாது. ஆனால் ஒரு மனுஷன் தானே குழியை வெட்டி, தானே பிடித்துத் தள்ளிவிட்டு, விழுந்தவளைப் பார்த்து நடக்கத் தெரியவில்லை என்று சொல்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "என் பொண்ணு மாதிரின்னு சொன்னீங்களேய்யா" என்றேன். "இப்பவும் அப்படித்தாம்மா நினைக்கிறேன்" என்றார். அதைப் பொய்யாகவும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது அவள் பஸ்ஸில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "எங்கிட்ட ஒத்துக்கிட்டார், கேட்டீங்கல்ல பெரியம்மா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் வீட்டுக்கு வந்து தங்கையிடம் அப்படியே சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நீ சும்மாவே அவ பக்கம்தானேக்கா பேசுவ" என்றாள். பெண் அடுத்த அறையில் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

அந்த நிரந்தர இடம் சோடாபுட்டிக்குப் போயிற்று. விரிவாக எடுக்கிறோம் என்று சொன்னதை எடுத்தார்கள், இந்தத் தடவை இரண்டு சல்லடையும் வைத்து. ஆனால் அதற்குள் மண் தோண்டுகிற கப்பல் பக்கத்திலேயே வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தது. கலங்கிய சேறு அந்த இடமெல்லாம் மூடிப்போய், எந்தச் சல்லடைக்கும் ஒன்றும் மிச்சமில்லை. அறிக்கை சரி என்றாகிவிட்டது. துறைமுகமும் பெரிதாகிவிட்டது.

எங்கள் பெண் எத்தனையோ இடத்துக்கு எழுதிப்போட்டாள். இண்டர்வியூ வரைக்கும் போவாள், அதற்கு மேல் நகராது. ஒரு இடத்தில், வயசான ஒரு அதிகாரி மனசு பொறுக்காமல் சொல்லிவிட்டாராம், உங்க சாரைக் கேட்டோம், நல்ல பொண்ணு, உழைப்பாளி, கொஞ்சம் கவனம் பத்தாதுன்னு சொன்னார் என்று. திட்டியிருந்தால்கூடப் பகை என்று நினைத்திருப்பார்கள். சார் தடவிக்கொடுத்தே கழுத்தை அறுத்துவிட்டார். அதுவும் அடிமண் புழு தெரிந்தவர்கள் மொத்தமே ஒரு வேனில் அடங்கிவிடுவார்களாம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

மீன் தீனி விற்கப் போனவள் இப்போது மேனேஜர். பேங்க் பையன் வீடு கட்டிவிட்டான். தங்கை இதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் அவர்கள் வீட்டு விசேஷம் என்று யாராவது கூப்பிட்டால் தலைவலி என்று படுத்துவிடுவாள். தம்பிதான் பாவம், கேலியை அடியோடு விட்டுவிட்டான். அவளைப் பார்த்தால் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், அது எங்களுக்கே வித்தியாசமாக இருக்கிறது. "நீங்க மீன் டாக்டர்னே கூப்பிடுங்க மாமா" என்று அவளே கேட்டும் அவனுக்கு வாய் வரவில்லை.

போன வருஷம் என் ஓரகத்தியின் பேத்தி பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அவளிடம் போய், "அக்கா, கடலியல் எடுக்கலாம்னு இருக்கேன், வேலை கிடைக்குமா?" என்று கேட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கிடைக்கும். பண்ணையில இருக்கு, ஏத்துமதிக் கம்பெனியில இருக்கு, துறைமுகத்துல இருக்கு, டீச்சர் வேலை இருக்கு. கப்பல்ல போகணும்னா உடம்பு தாங்கணும், வாந்தி வரும்" என்றாள்.

"ஆராய்ச்சி?"

"அதுவும் இருக்கு. ஆனா யாருகிட்டப் போய்ச் சேரறன்னு முதல்ல விசாரி. அவர்கிட்ட இருந்து வெளிய வந்தவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு கேளு. அவரைக் கேக்காத, அவங்களைக் கேளு."

"படிப்பு நல்லா இருக்குமாக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கும்" என்றாள். அதைச் சொல்லும்போது ஒரு நிமிஷம் பழைய முகம் வந்துபோனது. அந்தப் பிள்ளை சேர்ந்துவிட்டது.

இவள் இப்போது மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில், பெட்டி கட்டுவதற்கு முன்னால் மீனில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற அறையில் வேலை செய்கிறாள். அந்தக் கூட்டத்துக்கப்புறம் அம்மா வீட்டில் அவளுக்கு ஒட்டவில்லை. கம்பெனிக்குப் பக்கத்தில் வேறு இரண்டு பெண்களோடு சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.